ஐந்தாவது குழாய்

வேன் ஓட்டுகிறவனுக்குக் கண் மட்டும்தான் வேலை செய்யும், காது சும்மா இருக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. நாலு வருடமாக வாரத்தில் ஐந்து நாள் ஆட்களைக் கூட்டிப்போய் சதுப்பு நிலத்தில் இறக்கிவிடுகிறேன். முதலுதவிப் பெட்டியும் நாலைந்து குடையும் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னாலேயே நடந்து, திரும்ப ஏற்றி வருகிறேன். கைடம்மா பேசுவதில் ஒரு வார்த்தை மாறினாலும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தொண்டை கட்டிய ஒரு நாள் நானே பேசிச் சமாளித்திருக்கிறேன். வந்தவர்கள் கை தட்டினார்கள். அவளுக்குக்கூட அவ்வளவு தட்டியதில்லை. இதை அவளிடம் மாதம் ஒரு முறையாவது சொல்லிக் காட்டுவேன்.

பேச்சு இதுதான். இருபது வருடத்துக்கு முன்னால் இந்த நிலத்தை வயலாக்கப் போகிறோம் என்று நடுவில் நேராக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். வளைந்து வளைந்து போய்க்கொண்டிருந்த பழைய ஓடை செத்துப்போனது. தண்ணீர் முழுக்க வாய்க்கால் வழியே வடிந்தது. இங்கே இருப்பது சாதாரண மண் இல்லை. கோரையும் நாணலும் தண்ணீருக்குள் மக்கி, காலங்காலமாகச் சேர்ந்த மண். ஈரமாக இருக்கும்வரை உப்பலாக இருக்கும். காய்ந்தால் சுருங்கும், பொடியும், தேய்ந்து இல்லாமலே போகும். அப்படித் தரை வருடா வருடம் கீழே இறங்கியது. விளைச்சலும் நாலைந்து வருடத்தில் கையை விரித்துவிட்டது. கடைசியில் சதுப்பு நில ஆபீஸ்காரர்கள் வந்து வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு மதகு கட்டி, பத்துப் பலகை போட்டு அடைத்து, தண்ணீரைப் பழையபடி ஓடைக்குத் திருப்பினார்கள். தண்ணீர் எப்படித் திரும்பி வந்தது, அதனால் என்னென்ன திரும்பி வந்தது என்று ஏழு இடத்தில் நின்று காட்டுவதுதான் எங்கள் டூர்.

ஐந்தாவது இடம் ஒரு இரும்புக் குழாய். சேற்று மண்ணைத் தாண்டி அடியில் இருக்கும் கெட்டிக் களிமண்வரை இறக்கிய குழாய். இறக்கியபோது அதன் தலை தரைக்குச் சமமாக இருந்தது. இப்போது ஒரு முழத்துக்கு மேல் வெளியே நிற்கிறது. "குழாய் வளரலைங்க. தரைதான் இறங்கியிருக்கு" என்பாள் கைடம்மா. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அங்கிருந்து பார்த்தால் நாணலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு தெரியும். "அது யார் வீடு, அவ்வளவு தண்ணிகிட்ட?" என்று ஒருவராவது கேட்பார்கள். "குடும்பம் ஒண்ணு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு ஆறாவது இடத்துக்கு நடந்துவிடுவாள். அது அவள் வீடுதான்.

நான் மத்தியானச் சாப்பாட்டை அந்த வீட்டில்தான் சாப்பிடுவேன். அவள் என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அந்த முறையில் அவள் வீட்டுக்காரர் எனக்கு மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான். ஊரில் அவருக்குப் பெயர் மிஷின்காரர். மண் வெட்டும் மிஷினில் உட்கார்ந்தால் முட்டையைக்கூட உடையாமல் எடுத்து வைப்பார் என்பார்கள். அந்த நேர் வாய்க்காலை வெட்டியது அவர்தான். வாலிபத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது.

வீட்டில் மூன்றே பேர். மூன்றாவது ஆள் மாமியார். முழங்கால் இரண்டும் போய்விட்டன, வாய் மட்டும் பத்து ஊருக்குப் போதும். ஹாலை ஒட்டிய அறையில் கட்டில் போட்டு, ஜன்னல் வழியே எங்கள் டூரை மேற்பார்வை பார்ப்பார். "இன்னைக்கு என்ன, எல்லாம் வெள்ளைச் சட்டையா வந்துச்சு? திரும்பும்போது பாத்தேன், ஒண்ணுகூட வெள்ளையா இல்ல" என்பார்.

அந்த வீட்டில் ஒரு பழைய வேடிக்கை உண்டு. ஹாலுக்குப் பின்னால் இருக்கும் அடுப்படி, கல்யாணத்துக்காக மாப்பிள்ளை புதிதாகக் கட்டியது. கட்டியபோது ஹாலும் அடுப்படியும் ஒரே மட்டம். மூன்றாம் வருடம் அடுப்படி கொஞ்சம் உயரமாகத் தெரிந்தது. மாப்பிள்ளை ஒரு செங்கல் வைத்துப் பூசி, படியாக்கினார். பிறகு இரண்டாவது செங்கல். அப்புறம் இரண்டு படி. நடுவில் சுவர் பிளந்த இடத்தை ஒவ்வொரு வெயில் காலத்திலும் சிமென்ட் வைத்து அடைப்பார். மாமியார் யார் வந்தாலும் சொல்வார்:

"எல்லா வீட்லயும் மருமக வந்தா மாமியார் இறங்கணும். எங்க வீட்ல அடுப்படியே ஏறிடுச்சு. இன்னும் பத்து வருஷம் போனா ஏணி வெச்சுத்தான் சோறு வாங்கணும்."

எல்லோரும் சிரிப்போம். நானும் நாலு வருடம் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மதகு கட்டும்போது மாப்பிள்ளை ஆபீஸோடு ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார். வீட்டு வாசலில் கடைசிப் படியில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. தண்ணீர் அதுவரை வரலாம், ஒரு விரல்கூடத் தாண்டக் கூடாது. தாண்டினால் பலகையை எடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள்.

இந்த வருடம் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் பார்த்தால் கோடு தண்ணீருக்குள் இருந்தது. நாலு விரல் ஆழத்தில். மாமியாரின் அறைத் தரை வேர்த்தது, பிறகு ஊறியது, பிறகு கட்டில் கால் நின்ற இடத்தில் குட்டை கட்டியது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்தார் மாப்பிள்ளை. மாமியார் காலைத் தொங்கப்போட முடியாமல் நாள் முழுக்கச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரவில் இருமல் வேறு.

மாப்பிள்ளை மனு எழுதிக் கொடுத்தார். ஆபீஸில் புதிதாக வந்திருந்த இன்ஜினியர் நல்ல பையன். மதகில் இருக்கும் அளவுகோலைப் பார்த்தால் தண்ணீர் ஒப்பந்த அளவைத் தாண்டவில்லை. வாசல் கோட்டைப் பார்த்தால் தாண்டியிருக்கிறது. அவருக்குக் குழப்பம். "வியாழக்கிழமை டூர் வேன்லயே வந்துடறேன். கோடு முங்கியிருந்தா அங்கயே ரெண்டு பலகையை எடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நல்ல மழை. டூர் ரத்து. நான் அடுப்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தங்கச்சி டூர்ப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, இந்த நுனியை அடுப்படித் தரையில அழுத்திப் பிடிங்க."

"எதுக்கு? புதுப் பாய் வாங்கப் போறியா?"

அவள் சிரிக்கவில்லை. ஹாலில் இறங்கி நின்று, டேப்பை இழுத்துத் தரையைத் தொட்டுப் பார்த்தாள். முப்பத்தெட்டு. இன்னொரு முறை பார்த்தாள். அதே முப்பத்தெட்டு.

"நம்ம டூர்க் குழாய் ஐம்பத்தொண்ணு சென்டிமீட்டர் வெளிய நிக்குது. வீட்டுக்கு அடியில கொஞ்சம் கெட்டி மண்ணு கொட்டியிருக்காங்க, அதான் குறைச்சல்" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியாத மாதிரி சொன்னாள்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்ப அடுப்படி ஏறல?"

"எங்கண்ணே ஏறும்? அவரு அடுப்படி கட்டும்போது அஞ்சு குழாய் கொண்டுவந்தாரு. நாலை இந்த அடுப்படிக்கு அடியில களிமண்ணு வரைக்கும் இறக்கினாரு. மிச்சம் ஒண்ணு. அதை வாய்க்கால் கரையில அடிச்சு விட்டாரு, மட்டம் பாக்க அடையாளமா. நாம காட்டறோமே, அதுதான் அந்த அஞ்சாவது." உள்ளறைப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள். "ஊருக்கெல்லாம் நாலு வருஷமா சொல்றேன், தரை இறங்குது, தரை இறங்குதுன்னு. இங்க ஒரு நாளைக்கு ஐம்பது தடவை ஏறி இறங்கறேன். தண்ணி ஏறி வரல அண்ணே. வீடுதான் தண்ணிக்கு இறங்கிப் போயிட்டிருக்கு. அந்தக் கோடு போட்ட படியும் சேர்ந்து இறங்குது."

"மாப்பிள்ளைகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்ல? உங்க அம்மா ரூமைத் தண்ணியில இறக்கினது நீங்க வெட்டின வாய்க்கால்தான்னா?"

"சொல்லாம விட்டா?"

"வியாழக்கிழமை ரெண்டு பலகை எடுப்பாங்க. ரூம் காயும். அத்தைக்கு இருமல் நிக்கும். அவரும் நிம்மதியாத் தூங்குவாரு." டேப்பைச் சுருட்டினாள். "தரை மறுபடி காஞ்சு இறங்கும். அடுத்த மழைக்கு இன்னும் ரெண்டு பலகை கேப்பாரு. அப்புறம் இன்னும் ரெண்டு. பத்தும் போயிடும். ஓடையும் போயிடும், வீடும் போயிடும்."

உள்ளேயிருந்து மாமியார் குரல் வந்தது. "என்னடி அங்க ரகசியம்? அடுப்படி இன்னும் ரெண்டு விரக்கடை ஏறிடுச்சா?"

"ஆமாத்தை, ஏறிடுச்சு" என்றாள் தங்கச்சி. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஒரு முழம் படியை எங்கே மறைப்பது? அவருக்கு மட்டும் தெரியாதா என்ன? ஒவ்வொரு செங்கல்லையும் அவர் கையால்தான் வைத்தார். தெரிந்ததைப் பார்க்காமல் இருக்கவும் மனுஷனுக்கு ஒரு திறமை இருக்கிறது.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. அன்றைக்கு வந்தவர்கள் இருபத்திரண்டு வாத்தியார்கள், பயிற்சிக்கு. பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிறவர்களை நீங்கள் வரிசையில் நிறுத்திப் பாருங்கள், அப்போது தெரியும். இன்ஜினியர் என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். மாப்பிள்ளை இஸ்திரி போட்ட சட்டையோடு சேற்றுக்கு மேலே நடக்கப் போட்ட பலகைப் பாதை தொடங்கும் இடத்தில் காத்திருந்தார். நாலு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் பெண்டாட்டியின் டூருக்கு வந்ததில்லை. இருபத்து மூன்றாவது ஆளாகக் கடைசியில் நடந்து வந்தார்.

முதல் மூன்று இடமும் வழக்கம்போல. நாலாவது இடத்தில், அந்த நேர் வாய்க்காலைப் பார்த்ததும் முன்வரிசையில் நின்ற கணக்கு வாத்தியார் சொன்னார்:

"எந்த முட்டாள்ம்மா இதை வெட்டினது? உயிரோட இருந்த ஓடையை விட்டுட்டு?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். இன்ஜினியருக்கு விஷயம் தெரியாது, அவரும் சிரித்தார். தங்கச்சி சிரிக்கவில்லை.

"முட்டாள் இல்லைங்க சார். அன்னைக்கு இது வேலை. வெட்டச் சொன்னவங்க மேல இருந்தாங்க. வெட்டினவரு சொன்ன இடத்துல சொன்ன ஆழத்துக்கு, நூல் பிடிச்ச மாதிரி வெட்டியிருக்காரு. பாருங்க, இருபது வருஷமாச்சு, கரை ஒரு இடத்துல சரியல. இப்படி வெட்ட எல்லாருக்கும் கை வராது."

இது அன்றைக்காகச் சொன்னது இல்லை. நாலு வருடமாக, யார் எப்படிக் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் இதுதான். எனக்கு மனப்பாடம். தொண்டை கட்டிய அன்றைக்கு நானும் இதையேதான் சொன்னேன். மாப்பிள்ளை மட்டும் அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். "அடுத்து மதகுக்குப் போகலாம், மழை வர்ற மாதிரி இருக்கு" என்று குழாயைத் தாண்டி வேகமாக நடந்தாள். தாண்டிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். கணக்கு வாத்தியாரைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். அவர் கையில் நாங்கள் கொடுத்த அச்சடித்த தாள் இருந்தது.

"கைடம்மா, நில்லுங்க. ஐந்தாவது இடம்னு குழாய் படம் போட்டிருக்கு. நாலுக்கு அப்புறம் ஆறு வராதே?"

"நேரம் ஆகுதுங்க சார்."

"ஏழு இடம்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

மற்ற வாத்தியார்களும் குழாயைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அவள் திரும்பி வந்தாள். வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து மாப்பிள்ளை முன்னால் வந்தார். நாலாவது இடத்தில் கேட்டது அவருக்குத் தெம்பு கொடுத்திருக்க வேண்டும்.

"இதை அடிச்சது நான்தாங்க" என்றார். "வாய்க்காலை வெட்டினவனும் நான்தான். கல்யாணத்துக்கு முந்தின மாசம் இதை இறக்கினேன். களிமண்ணு தட்டுறவரைக்கும் விடல. தலையைத் தரைக்குச் சமமா அடிச்சேன், மிஷின் மேல போனாலும் தட்டாது."

கணக்கு வாத்தியார் முகம் சுருங்கிப்போனது. பிறகு குழாயைக் காட்டி, "சமமாவா? இப்ப இவ்வளவு நிக்குதே?" என்றார்.

"அது..." என்று தொடங்கிய மாப்பிள்ளை நிறுத்தினார். பெண்டாட்டியைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. உன் வேலைதானே."

அவள் குழாயின் தலைமேல் கை வைத்தாள். எப்போதும் வைப்பாள்.

"குழாய் வளரலைங்க. தரைதான் இறங்கியிருக்கு." அதோடு நிறுத்தியிருக்கலாம். "இதே மாதிரி குழாய் இன்னும் நாலு இருக்கு. எங்க அடுப்படிக்குக் கீழ."

மாப்பிள்ளை அசையவில்லை.

"அதுல நிக்கறதால அடுப்படி அங்கயே இருக்கு. வீட்டுக்கு அடியில குழாய் இல்ல. வீடு இறங்கிடுச்சு. முப்பத்தெட்டு சென்டிமீட்டர். நான் அளந்தேன்." இப்போது வாத்தியார்களை விட்டுவிட்டு அவரிடமே பேசினாள். "அடுப்படி ஏறலைங்க. நம்ம படி இறங்கிடுச்சு. கோடும் அதோட இறங்கிடுச்சு. தண்ணி சொன்ன அளவுலதான் நிக்குது."

எங்கோ நீர்க்கோழி ஒன்று கத்திக்கொண்டு பறந்தது. மாப்பிள்ளை குழாயைப் பார்த்தார், நாணலுக்கு அந்தப் பக்கம் வீட்டைப் பார்த்தார். உதடு அசைந்தது. செங்கற்களை எண்ணுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

இன்ஜினியர் மெதுவாகக் கேட்டார். "அண்ணே... பலகையை என்ன பண்ண?"

மாப்பிள்ளை பலகைப் பாதையை விட்டு இறங்கி, இஸ்திரி போட்ட வேட்டியோடு சேற்றில் குறுக்கே நடந்து வீட்டுக்குப் போய்விட்டார்.

"அவரு போட்ட மனு. அவரைக் கேட்டுட்டுச் செய்யுங்க" என்றாள் தங்கச்சி. மீதி இரண்டு இடத்தையும் காட்டி முடித்தாள். ஒரு வார்த்தை பிசகவில்லை. நான் ஆட்களை ஏற்றும்போது கணக்கு வாத்தியார் அவளிடம் வந்து ஏதோ சொல்ல நினைத்து, குடையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லோரையும் கொண்டுபோய் விட்டுவிட்டு, மனசு கேட்காமல் மூன்று மணிக்குத் திரும்பி வந்தேன். மாமியாரின் அறை காலியாக இருந்தது. கட்டில் அடுப்படியில் இருந்தது. அதை எப்படித் தனி ஆளாகத் தூக்கினாரோ, அம்மாவை எப்படித் தூக்கினாரோ, தெரியாது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கீழே ஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் போனதிலிருந்து அவர் அடுப்படிப் படி ஏறியதே இல்லை.

"அடேயப்பா, என்ன பள்ளம்!" என்றார். என்னைப் பார்த்ததும், "வாப்பா. இத்தனை வருஷமா இவளைத்தான் திட்டிட்டிருந்தேன்" என்றார். அடுப்பருகே நின்ற மருமகளின் முதுகைப் பார்த்து, "ஏண்டி, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. தோள் குலுங்கியது.

மாப்பிள்ளை ஹாலில், ஈரத் தரையில், இரண்டாவது படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேலே வரவில்லை. அவள் டீயை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து பக்கத்தில் வைத்தாள்.

"இன்னும் எவ்வளவு இறங்கும்?" என்று கேட்டார்.

டூரில் எல்லோரும் கேட்கிற கேள்விதான். அவளும் அதே பதிலைத்தான் சொன்னாள். "வெயில் காலத்துலயும் தண்ணி நின்னா அநேகமா இறங்காதுங்க."

"பலகையை எடுத்தா?"

"இறங்கிட்டேதான் இருக்கும்."

"தண்ணி நின்னா இந்த ஹாலு?"

"இது போச்சுங்க. அத்தை ரூமும் போச்சு."

அவர் டீயைத் தொடவில்லை. "எங்கப்பா கட்டின வீடு" என்றார். படியைத் தடவிக்கொண்டே, "நான் வெட்டும்போது எவனும் சொல்லலையே" என்றார். கோபமாகச் சொல்லத்தான் தொடங்கினார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. பெரிய ஆம்பளை அழுவதைப் பார்ப்பதைவிட வேனைக் கழுவுவது மேல் என்று வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் அவரே ஆபீஸுக்குப் போய் மனுவைத் திரும்ப வாங்கிவிட்டார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, இன்ஜினியர் சொன்னார். வீட்டில் பெண்டாட்டியோடும் பேச்சு இல்லை. கேட்டால் பதில், அவ்வளவுதான். மாமியார்தான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார். அடுப்படிக்குப் பக்கத்தில் குழாய் இறக்கி ஓர் அறை போட வேண்டும் என்றார். மிஷினை வாடகைக்கு எடுக்கலாம், குழாய்க்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. ஒரே அடுப்படியில் மூன்று பேர் படுத்து எழுந்தார்கள்.

அடுத்த புதன்கிழமை வேறு ஒரு கூட்டம். ஐந்தாவது இடத்துக்கு வந்தபோது எங்களுக்கு முன்னால் மாப்பிள்ளை அங்கே இருந்தார். முழங்கால்வரை தண்ணீரில் நின்றுகொண்டு, கையில் பெயின்ட் டப்பாவோடு, குழாயில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இன்ஜினியர் கரையில் நின்று அளவு சொன்னார். இனிமேல் ஒப்பந்தக் கோடு இந்தக் குழாயில்தான், இது இறங்காது. வாசல் படிக்கு அது எவ்வளவு மேலே என்று மாப்பிள்ளைக்குத் தெரியாமல் இல்லை.

தங்கச்சி தயங்கி நின்றாள். பிறகு வழக்கம்போலத் தொடங்கினாள். கூட்டத்தில் ஓர் அம்மா நாணலுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அது யார் வீடுங்க? வாசல்வரைக்கும் தண்ணி நிக்குதே?"

தங்கச்சி வாயைத் திறந்தாள். அதற்குள் தண்ணீரில் நின்றவர் பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"எங்க வீடும்மா" என்றார். "நான்தான் இறக்கினேன். இவங்க சொல்லுவாங்க, கேளுங்க."

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நாலு வருடத்தில் முதல் தடவையாக அவளுக்கு அடுத்த வாக்கியம் வரவில்லை.